இரண்டு துளைகளின் வரலாறு

மைசூர் மண்டகள்ளி விமான நிலையத்தில் நிற்கும் எந்தப் பயிற்சி விமானத்திலும், அது செஸ்னா 152 ஆனாலும் 172 ஆனாலும், முன்பலகையின் கீழ்ப்பக்கம் இரண்டு துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெரியது 6.35 மில்லிமீட்டர், அது காதுக்கு. சிறியது 5.23 மில்லிமீட்டர்; அது வாய்க்கு. ஹெட்செட்டின் இரண்டு பிளக்குகளும் அவற்றில் போய் உட்கார்ந்தால்தான் விமானி டவரோடு பேச முடியும், பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் சொல்வதும் காதில் விழும். விமான ரேடியோவும் இன்டர்காமும் பழுது பார்ப்பது என் தொழில். மீனம்பாக்கத்தில் கற்றுக்கொண்டு மைசூருக்கு வந்தேன். பைலட் படிப்புக்கு இங்கே வருகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள், தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"சார், போனை இந்த ஹெட்செட்லயே மாட்டிக்க முடியாதா?"

"முடியும்ப்பா. ஆனா நேரா மாட்ட முடியாது."

ஏன் நேராக முடியாது என்று சொல்லப் போனால், 140 வருஷத்துக்கு முன்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வரலாறு தெரிந்த பிள்ளை தன் ஹெட்செட்டைத் தரையில் போட்டு இழுக்கமாட்டான் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் சொல்கிறேன்.

பெரிய துளை விமானத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1880களின் தொலைபேசி நிலையங்களில், ஒரு சந்தாதாரரை இன்னொருவரோடு இணைக்க ஆபரேட்டர்கள் பலகையில் செருகிய பிளக் அது. கால் அங்குலம் என்ற அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. சிறிய துளைக்குப் பின்னால் இருக்கும் மின்சாரமும் அந்தக் காலத்துச் சொத்துதான். 1870களின் இறுதியில் எடிசன், ஹியூஸ் போன்றவர்கள் வளர்த்தெடுத்த கரி மைக்கில் இரண்டு தகடுகளுக்கு நடுவே கரித்துகள் நிரம்பியிருக்கும். பேசும்போது தகடு அதிர்ந்து துகள்களை அமுக்கும். அமுங்கினால் மின்சாரம் கூடும், தளர்ந்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் குரல். கரி மைக் தானாக மின்சாரம் உண்டாக்காது; வெளியே இருந்து யாராவது கொடுத்தாக வேண்டும். அந்தக் கடமையை விமான ரேடியோ இன்றைக்கும் விடாமல் செய்கிறது.

குரல் வானத்துக்குப் போக நாள் பிடித்தது. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபாலைக் கொண்டுபோனார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் கூடவே வந்தன. பேசத்தான் யாரும் இல்லை. தரையிலிருந்து பறக்கும் விமானத்துக்குக் குரலை அனுப்பிக் காட்டியது 1915இல், பிரிட்டனின் புரூக்லாண்ட்ஸில், சார்லஸ் பிரின்ஸ் என்ற இன்ஜினியரின் குழு. ஆனால் அன்றைய ரேடியோவுக்குக் கனம் அதிகம், ஏரியலுக்காக விமானத்துக்குப் பின்னால் நீளக் கம்பி வேறு தொங்கவேண்டும். சின்ன விமானம் அதைச் சுமந்துகொண்டு எங்கே போகும்? அதனால் பயிற்சி விமானங்களில் ஆசிரியரின் குரல் மாணவனுக்கு ரப்பர் குழாய் வழியாகவே போனது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் காஸ்போர்ட் விமானப் பள்ளியில் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆசிரியர் ஊதுகுழல் மாதிரி ஒரு வாயில் பேசுவார், குழாயின் மறுமுனை மாணவனின் தலைக்கவசத்தில் காதுப்பக்கம் முடியும். நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்புகளில் பறந்த டைகர் மாத் விமானங்களிலும் இந்தக் குழாய்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் மைசூர் வானொலியில் பின்தங்கி இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. 1935 செப்டம்பர் 10 அன்று, மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி தம் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். அகில இந்திய வானொலி அதைப் பிற்பாடு எடுத்துக்கொண்டது. அதாவது இந்த ஊர் வீடுகளில் குரல் காற்றில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நாளில், டைகர் மாத்தில் ஏறிய மாணவன் ரப்பர் குழாயில் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் ஒலிபரப்பி எவ்வளவு கனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகாயத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குச் சொல்லவேண்டும்.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவு பிஎல்-55 என்று காதுக்கும், பிஎல்-68 என்று மைக்குக்கும் இரண்டு பிளக்குகளை வழக்கமாக்கியது. அளவு வேறு வேறு என்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது. இருட்டில், கையுறையோடு, விரலால் தடவியே எது எதுவென்று சொல்லிவிடலாம். மைக் பிளக்கில் மூன்று தொடுமுனைகள். நுனி, பேசுவதற்கு அழுத்தும் பொத்தானுக்கு, நடு வளையம் குரலுக்கு, அடிப்பகுதி எர்த்துக்கு. போர் முடிந்ததும் சிவில் விமானங்களும் இதையே பிடித்துக்கொண்டன. மைசூர் சமஸ்தானம் மண்டகள்ளியில் ஓடுபாதை போட்டதும் அந்த நாற்பதுகளில்தான். அந்த ஓடுபாதை 1985இல் வாயுதூத் நிறுவனத்தின் டார்னியர் விமானத்தைப் பார்த்தது, சில வருஷத்தில் அந்தச் சேவை நின்றுபோனதையும் பார்த்தது. புது முனையம் 2010இல் திறந்தார்கள். இதற்கிடையே வந்த எத்தனையோ சின்ன விமானங்களில் இன்ஜின் மாறியது, ரேடியோ மாறியது, வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. இரண்டு துளைகள் மட்டும் மாறவில்லை.

அடுத்த எதிரி இரைச்சல். எழுபதுகள் வரைக்கும் பல சின்ன விமானங்களில் கூரையில் ஒரு ஸ்பீக்கரும் கையில் பிடிக்கும் மைக்கும்தான். செஸ்னா மாதிரி விமானத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே காதுக்கு எல்லை என்று தொழில் பாதுகாப்புத் துறையினர் சொல்கிறார்கள். இதைப் பற்றிப் பேச மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இங்கே மானசகங்கோத்ரியில் இருக்கிறது. இன்ஜின் பக்கத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று நான் சலிக்காமல் சொல்வேன். இரைச்சலில் போன செவித்திறன் திரும்பி வருவதில்லை.

இரைச்சலைத் தடுக்கும் விமான ஹெட்செட்டை அமெரிக்காவின் டேவிட் கிளார்க் நிறுவனம் 1975இல் கொண்டுவந்தது. எச்10-30 என்று பெயர், வெளிர்பச்சைக் காதுமூடி. ஃப்ளையிங் கிளப் பக்கம் போனவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். அதற்குப் பின் வந்தவர், போஸ் நிறுவனத்தை உருவாக்கிய அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போன விடுதலைப் போராளியின் மகன். 1978இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில், இரைச்சலுக்கு எதிரான ஒலியை உண்டாக்கி இரைச்சலை அழிக்கும் கணக்கைப் போட ஆரம்பித்தார். 1986இல் நடுவில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அந்தக் கணக்கில் செய்த ஹெட்செட்டின் முன்மாதிரிகளை அணிந்திருந்தார்கள். 1989இல் அது விற்பனைக்கு வந்தது. மைக்குகளிலும் கரி போய்விட்டது. ஆனாலும் புது மைக் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு, ரேடியோவிடம் தன்னைக் கரி மைக் என்றே காட்டிக்கொள்கிறது. ரேடியோவும் 8 முதல் 16 வோல்ட் வரை கொடுத்து அதற்குச் சோறு போடுகிறது.

இனி போனுக்கு வருவோம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. பத்து வருஷத்துக்குள் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் பாக்கெட்டிலும் ஒரு போன். ஹெட்செட், போன் இரண்டும் தொலைபேசியின் வயிற்றில் பிறந்து வேறு வேறு ஊரில் வளர்ந்த அண்ணன் தம்பிகள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. போன் தன் மைக்குக்குக் கொடுப்பது ஏறக்குறைய 2 வோல்ட். விமான மைக் அதில் விழித்தெழாது. எழுப்பிவிட்டாலோ அதன் குரல் போனுக்குத் தாங்காத அளவு பலமாக வரும். போனின் இயர்போன் 16, 32 ஓம் என்ற அளவில் இருக்கும். விமான ஹெட்செட் 150, 300 ஓம். போனின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் நான்கு தொடுமுனைகள். மைக், எர்த் இரண்டின் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறிக் கிடந்த காலமும் உண்டு.

நடுவில் நின்று பேச்சை மாற்றிக்கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்த அடாப்டரைத் திறந்தால் உள்ளே இருப்பவை எளிய சாமான்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர் வழியாக மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும். ஒரு கெப்பாசிட்டர் அந்த மின்சாரத்தைத் தடுத்துக் குரலை மட்டும் மறுபக்கம் விடும். இரண்டு ரெசிஸ்டர்கள் குரலைப் போன் தாங்கும் அளவுக்குக் குறைக்கும். விரல் நுனி அளவு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, விமானத்தின் எர்த்தையும் போனின் எர்த்தையும் தொடவிடாமல் பிரித்துவைக்கும். இந்த டிரான்ஸ்ஃபார்மரை மிச்சம் பிடிக்க விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. போனை விமானத்தின் சார்ஜரில் போட்டதும் காதில் ஒரு ஊளை கேட்கும். த்ராட்டிலைத் தள்ளினால் ஊளை ஏறும், இழுத்தால் இறங்கும். ஆல்டர்னேட்டரின் சத்தம் எர்த் வழியாக உள்ளே வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமான ரெசிஸ்டர் காதுப்பக்கம் இருப்பது. போன் பழுதானாலும், ஷார்ட் ஆனாலும், டவரின் குரலை அது இழுத்து அமுக்கிவிடக் கூடாது. நான் எந்த அடாப்டரைச் சோதித்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு சத்தமும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். போன் அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால், ஹெட்செட்டில் "டிட்-டிடிட்-டிடிட்" என்று ஒரு ஓசை. ஜிஎஸ்எம் போன் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். பக்கத்தில் ஓடும் ஆடியோ வயர் அதைப் பிடித்துக்கொள்ளும். டவர் ஓடுபாதை எண்ணைச் சொல்லும் நேரத்தில் அந்த ஓசை குறுக்கே வந்தால் விமானிக்கு எண் தவறிப்போகும். ஆகவே பறக்கும்போது போனை ஃப்ளைட் மோடில் வை என்பது வெறும் சடங்கு இல்லை. தரையில் இருக்கும் போனுக்கு அக்கம்பக்கத்துக் கோபுரங்கள் மட்டுமே எட்டும். சாமுண்டி மலைக்கு மேலே பறக்கும் போனுக்கு மைசூர், நஞ்சன்கூடு, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று எல்லாக் கோபுரமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும், நெட்வொர்க் குழம்பும். அமெரிக்கா 1991இலேயே ஆகாயத்தில் செல்போன் அழைப்புக்குத் தடை போட்டதற்கு அது ஒரு காரணம். இந்தியாவில் 2018இல் வந்த விதிகள் 3,000 மீட்டருக்கு மேல் தொலைபேசி, இணையச் சேவைக்கு வழிவிட்டன. அது விமானத்திலேயே பொருத்திய கருவி மூலம் வருவது. பயிற்சி விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் போனை எதற்கு மாட்டவேண்டும்? தரையில், இன்ஜின் ஓடும்போது, பள்ளியோடு பேச அது உதவும். இரைச்சலில் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. பெரிய உபயோகம் இன்னொன்று. ஆகாயத்தில் ரேடியோ செத்துவிட்டால், டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று வைக்க வேண்டும், டவரின் விளக்கைப் பார்க்க வேண்டும். நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. இவற்றோடு கடைசிக் கதவாக ஒரு போன் இருப்பது நல்லது. கடைசிக் கதவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். போன் கையில் இருக்கிறதே என்று ரேடியோ சோதனையில் அலட்சியம் காட்டும் பிள்ளையை நான் விமானத்தில் ஏறவே விடமாட்டேன்.

போனின் துளை எங்கள் கண்முன்னே 2.5 மில்லிமீட்டராக இருந்தது, கம்பெனிக்கு ஒரு வடிவமாக இருந்தது, 3.5 ஆனது, 2016இல் ஐபோனிலிருந்து மறைந்தே போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய அடாப்டர் குப்பைக்குப் போனது. விமானம் தன் இரண்டு துளைகளை விடாமல் வைத்திருந்ததால், ஹெட்செட்டே வேலையை ஏற்றுக்கொண்டது. 2010இல் வந்த போஸ் ஏ20 போன்ற ஹெட்செட்டுகளில் புளூடூத் உள்ளேயே இருக்கிறது. போன் கம்பியில்லாமல் வந்து சேர்கிறது. பலகைக்குப் போகும் பிளக்குகளோ அதே பழைய இரண்டு. புளூடூத்தின் பேட்டரி தீர்ந்தாலும் டவரின் குரல் கம்பி வழியாக வந்துகொண்டே இருக்கும்.

பழமையில் பற்று வைத்து இதைச் சொல்லவில்லை. 1975இல் செய்த ஹெட்செட்டை இன்று வந்த செஸ்னாவில் செருகலாம். இன்று வாங்கிய ஹெட்செட்டை ஐம்பது வருஷ விமானத்திலும் செருகலாம். முன்பின் பார்க்காத விமானத்தில் ஏறும் பிள்ளைக்கும் குரல் தடையில்லாமல் கிடைப்பது அந்த ஒற்றுமையால்தான். ஆர்.டி. (ரேடியோ டெலிபோனி) வகுப்பில் அலைவரிசையும் சொல்முறையும் கற்றுத்தருகிறார்கள், சந்தோஷம். அதோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி, பழைய ஹெட்செட் ஒன்றைப் பிரித்து, நுனி, வளையம், அடி மூன்றுக்கும் என்ன வேலை என்று ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் காட்டவேண்டும். புதிய கருவி எது வந்தாலும், அது ரேடியோவின் குரலை அமுக்காமல் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த விமானிகள் அந்த வகுப்பிலிருந்து வருவார்கள்.