சாட்டிஸ்ஃபாக்ஷன்: 'போதும்' என்று யார் சொல்வது?

சிவில் கோர்ட் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும்: 'ஃபுல் சாட்டிஸ்ஃபாக்ஷன்'. கடன் வழக்கில் தீர்ப்பாகி, தோற்றவர் பணத்தை முழுசாகக் கட்டிவிட்டால், ஜெயித்தவர் அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்பார். கோர்ட் பதிவு செய்துகொள்ளும். எட்டு வருஷம், பத்து வருஷம் இழுத்த வழக்காக இருக்கும். கட்டினவர் முகத்திலும் மகிழ்ச்சி இருக்காது, வாங்கினவர் முகத்திலும் இருக்காது. காகிதத்தில் மட்டும் 'முழுத் திருப்தி'! இது என்ன கூத்து என்று ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். அகராதிகளையும் பழைய சட்டப் புத்தகங்களையும் புரட்டியதில் தெரிந்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

வேரிலிருந்து ஆரம்பிப்போம். லத்தீனில் 'ஸாட்டிஸ்' என்றால் போதுமானது. 'ஃபகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து 'போதுமான அளவு செய்தல்'. கவனியுங்கள், இதில் மனசு எங்கேயும் வரவில்லை. ரோமானியர்களுக்கு இது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் சொல். நான் உனக்குப் பட்டிருக்கிறேன், அதற்குப் போதுமானதைச் செய்துவிட்டேன், அவ்வளவுதான். கோர்ட் காகிதத்தில் இருப்பது இந்தப் பழைய அர்த்தம். நாம்தான் புது அர்த்தத்தை வைத்துக்கொண்டு அதைப் படிக்கிறோம்.

இதன் சொந்தபந்தங்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சொத்தைக் குறிக்கும் 'அசெட்', 'போதுமான அளவுக்கு' என்ற அதே 'ஸாட்டிஸ்' வழியில் பிரெஞ்சைத் தாண்டி வந்தது. செத்தவர் வைத்துவிட்டுப் போனது அவருடைய கடன்களுக்குப் போதுமா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி. பணம் கொடுப்பதைச் சொல்லும் 'பே' வேறு குடும்பம், ஆனால் அதே கதை. அமைதி என்று பொருள்படும் 'பாக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதுதான் 'பே' பண்ணுவது.

இன்னொரு உறவுக்காரர் யார் தெரியுமா? சோகத்தைக் குறிக்கும் 'ஸாட்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'வயிறு நிறைந்த, போதும் போதுமென்றான' என்று பொருள். நிறைந்தது கனத்தது, கனத்தது மெல்ல மெல்லத் துயரமானது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான 'ஸாட்' இன்றைக்கும் சாப்பிட்டு வயிறு நிறைந்ததைத்தான் சொல்கிறது. நிறைவுக்கும் திகட்டலுக்கும் நடுவில் எவ்வளவு சின்ன இடைவெளி பாருங்கள்.

'கன்டென்ட்' என்பதை இதற்கு மாற்றுச்சொல்லாக அகராதி போடும். ஆனால் அது வந்த வழி வேறு. உள்ளே பிடித்து வைக்கப்பட்டது, அடங்கியது என்று அதற்கு மூலப்பொருள். யூடியூப்காரர்கள் 'கன்டென்ட்' என்று சொல்கிறார்களே, உள்ளடக்கம், அதற்கும் இதே வேர்தான். இருப்பதற்குள் மனசு அடங்கிவிட்டால் கன்டென்ட். அதற்கு இன்னொரு ஆள் வேண்டாம். சாட்டிஸ்ஃபாக்ஷனுக்கோ எதிரில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தது 14-ஆம் நூற்றாண்டில், தேவாலயத்தின் வழியாக. செய்த பாவத்துக்கு மனம் வருந்த வேண்டும், குருவிடம் அறிக்கையிட வேண்டும், பிறகு அதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும். இந்த மூன்றாவதுதான் சாட்டிஸ்ஃபாக்ஷன். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பரிகாரம் என்பார்கள். மனநிறைவு என்ற பொருள் பரவலானது அதற்கு ரொம்பப் பின்னால், 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்.

கடனும் பாவமும் போக, மானத்துக்கும் இதே சொல்தான். 'எனக்கு சாட்டிஸ்ஃபாக்ஷன் வேண்டும்' என்று 18-ஆம் நூற்றாண்டு கனவான் ஒருவர் சொன்னால், துப்பாக்கியை எடு என்று அர்த்தம். நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 1776-ல் சென்னை கவர்னர் பிகட்டைக் கைது செய்தவர். 1781-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியோடு நடந்த போரில் ஒரு காலை இழந்தார். 1783-ல் அவரையே இன்னொரு கவர்னர் மெக்கார்ட்னி கைது செய்து, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்டூவர்ட் அதை மறக்கவில்லை. 1786 ஜூன் மாதம் லண்டனில் இருவரும் மோதினார்கள். ஒற்றைக்கால் ஜெனரல் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு சுட்டார். மெக்கார்ட்னிக்குக் காயம். அப்போதும் ஸ்டூவர்ட், இது சாட்டிஸ்ஃபாக்ஷன் ஆகாது, இன்னொரு முறை சுட முடியுமா என்று கேட்டாராம். உடன் வந்தவர்கள்தான் தடுத்து முடித்து வைத்தார்கள்.

ஆக, எது போதும் என்பதை யார் சொல்வது? இந்தக் கேள்வியில் இங்கிலாந்துச் சட்டமும் நம் சட்டமும் பிரிகின்றன. 1602-ல் வந்த பின்னெல் வழக்கின்படி, பெரிய தொகைக்குச் சின்னத் தொகை ஈடாகாது. கடன் கொடுத்தவரே போதும் என்றாலும் ஆகாது. ஆனால் ஒரு குதிரையோ அங்கியோ கொடுத்து அவர் ஏற்றுக்கொண்டால் ஈடாகும்! 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த வழியில் போகவில்லை. அதன் 63-ஆம் பிரிவு தரும் உதாரணத்தில், 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 ரூபாய் கொடுக்கிறார் ஒருவர். கொடுத்தவர் அதை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொள்கிறார். முழுக் கடனும் தீர்ந்தது. கடன் கொடுத்தவர் வாயிலிருந்து வரும் 'போதும்' இங்கே செல்லுபடியாகும்.

இன்றைக்குச் சொல் வந்து நிற்கும் இடம் 'கஸ்டமர் சாட்டிஸ்ஃபாக்ஷன்'. புகார் கொடுத்தால், வேலை நடக்கிறதோ இல்லையோ, 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்துவிடுகிறது. பின்னாலேயே, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேள்வி. போதுமானதைச் செய்தோமா என்று கேட்பதில்லை, எப்படி உணர்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். செய்கை கழன்று விழுந்து, உணர்வு மட்டும் மிச்சம்.

தமிழில் இதற்கு நாம் போடும் 'திருப்தி'யும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை. அந்த வடமொழிச் சொல்லின் வேர்தான் தர்ப்பணத்துக்கும் வேர். பித்ருக்களுக்குப் பட்ட கடனுக்காக எள்ளும் தண்ணீரும் இறைத்து அவர்களைத் திருப்திப்படுத்துவது. கடன், அதற்கு ஒரு செய்கை, எதிரில் ஒருவர். அப்படியே ரோமானியக் கணக்கு. என்ன, போதும் என்று சொல்ல அவர்கள் இல்லை. அதனால் அடுத்த அமாவாசைக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

உயிரோடு இருப்பவரிடம் அந்தச் சிக்கல் இல்லை, எழுதி வாங்கிவிடலாம். வாங்கத்தான் வேண்டும். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 2 இதைப் பற்றியதுதான். தீர்ப்பான தொகையைக் கோர்ட்டுக்கு வெளியே கொடுத்துத் தீர்த்தாலும், அதைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், வசூல் மனுவை விசாரிக்கிற கோர்ட் அந்தப் பணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பணம் கொடுத்தவர் மனசு எவ்வளவு நிறைந்திருந்தாலும் சரி, பதிவு இல்லையென்றால் அது சாட்டிஸ்ஃபாக்ஷன் இல்லை.