ஒளிந்து விளையாடும் மின்பழுது

பழைய கார் ஒன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று என்ஜின் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் இறங்கிப் பானெட்டைத் திறந்து பார்க்கிறார், ஒன்றும் புலப்படவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடவாததுபோல் வண்டி கிளம்பிவிடுகிறது. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கும் குறை ஏதும் தெரிவதில்லை. இத்தகைய பழுதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிலையாக இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதோ கைதேர்ந்த மெக்கானிக்கின் பொறுமையையும் சோதித்துவிடும். ஆயினும் காருக்குள் மின்சாரம் எப்படி வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றை அறிந்துகொண்டால், பழுது எங்கெங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்பது தானே விளங்கும்.

காருக்குள் மின்சாரம் புகுந்த கதை

தொடக்க காலக் கார்களில் மின்சாரத்துக்கு அதிக வேலை இல்லை. விளக்குகள் எண்ணெயாலோ அசிட்டிலீன் வாயுவாலோ எரிந்தன. என்ஜினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றினார்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மட்டும் மின்சாரம் தேவைப்பட்டது. 1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்ட் உயர்மின்னழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். பாட்டரியின் துணையின்றித் தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி தந்த கருவி அது. கம்பிகள் மிகச் சில. ஆகவே பழுதாகும் இடங்களும் சில.

1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார் இந்நிலையை மாற்றியது. அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த அமைப்பில் என்ஜினைக் கிளப்புவது, தீப்பொறி தருவது, விளக்கு எரிப்பது ஆகிய மூன்றும் மின்சாரத்தின் பொறுப்பாயின. கைப்பிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டை முறித்த காலம் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் வசதி தனியே வரவில்லை. ஒரே பாட்டரியை நம்பிப் பல கருவிகள், அவற்றை இணைக்கப் பல கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் இணைப்புகள் என்று அமைப்பு விரிந்துகொண்டே போயிற்று. வந்து போகும் பழுதுகள் பெரும்பாலும் குடியிருப்பது இந்த இணைப்புகளில்தான்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது கம்பி

மின்னோட்டம் பாய முழுச் சுற்று வேண்டும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு விளக்குக்குப் போக ஒரு கம்பியும் வர ஒரு கம்பியும் வேண்டுமன்றோ? கார் செய்தவர்கள் செம்பை மிச்சப்படுத்த ஒரு வழி கண்டார்கள். போவதற்கு மட்டும் கம்பி; திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடலே பாதை. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள். பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் 1960-கள் வரை பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் எதிர்முனையை இணைப்பதே எங்கும் வழக்கமாயிற்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எர்த் கம்பியை உடலோடு இறுக்கும் சிறு திருகாணி, அந்தச் சுற்றின் பாதிப் பொறுப்பைச் சுமக்கிறது. அதன் அடியில் துருவோ பெயிண்ட்டோ சேர்ந்தால் பாதை அடைபடும். அப்போது மின்னோட்டம் வேறு வழி தேடும். திரும்பும் திசையைக் காட்டும் விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பல்பை மாற்றிப் பயனில்லை. அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள். தன் வழி அடைபட்டதால் மின்னோட்டம் அடுத்த விளக்கின் இழை வழியே புகுந்து திரும்புகிறது.

ஓம் விதி சொல்லும் கணக்கு

1827-இல் ஜெர்மன் அறிஞர் ஜியார்ஜ் ஓம் வெளியிட்ட விதி, மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிய தொகை என்கிறது. தலைவிளக்குகள் இரண்டும் சேர்ந்து 90 வாட் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் அவை 7.5 ஆம்பியர் இழுக்கும். அழுக்கேறிய இணைப்பு ஒன்றின் தடை வெறும் 0.2 ஓம் என்றாலும் அங்கே ஏறக்குறைய 1.5 வோல்ட் வீணாகிவிடும். வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறையும் தன்மையுடையது. ஆகவே ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இருளில் எதிரே நடந்து வருபவரை ஓட்டுநர் உரிய நேரத்தில் காண்பதும் காணாமற்போவதும் இந்தச் சிறு அழுக்கைப் பொறுத்தது!

என்ஜினைக் கிளப்பும் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில், ஓம்மில் நூறில் ஒரு பங்குத் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில் 6 வோல்ட்டை விட்டு 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இத்தகைய இழப்பும் ஒரு காரணம். அதே வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் பாதி ஆம்பியரே போதும். இணைப்புகளில் வீணாவதும் குறையும்.

பழி யார் மேல்?

பிரிட்டிஷ் கார்களுக்கு மின்கருவிகள் செய்து தந்த பெரிய நிறுவனம் பர்மிங்ஹாமின் லூகாஸ். சைக்கிள் விளக்குக்குச் ‘சாலையின் அரசன்’ என்று பெயரிட்ட ஜோசப் லூகாஸ் தொடங்கியது அது. பிற்காலத்தில் பழைய கார் பிரியர்கள் அவரை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்தார்கள். 1961-இல் சென்னையில் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் வழியாக இந்தப் பெயர் நம் பட்டறைகளுக்கும் நன்கு பழக்கமானது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடர் 2014 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்டதால், அந்தக் காலத்து மின்னமைப்பின் குணங்களை அறிந்தோர் நம்மிடையே இன்னும் பலர் இருக்கின்றனர்.

கேலி நியாயமானதா? சற்றே எண்ணிப் பாருங்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்த பித்தளை இணைப்பில் ஆக்சைடு படியாமல் இருக்குமா? பின்னால் வந்தவர்கள் ஹாரனுக்கும் ரேடியோவுக்கும் கம்பியை முறுக்கி ஒட்டுப் போட்டதற்கு முதலில் செய்தவர் பொறுப்பாவாரா? பழுதுகளில் பல, பொருளின் பிறவிக் குறைகள் அல்ல. முதுமையும் கவனக்குறைவும் சேர்த்து வைத்தவை.

ஏன் வந்து போகிறது?

பழுதை வரவழைப்பவை மூன்று: வெப்பம், அதிர்வு, ஈரம்.

முதலில் வெப்பம். காயிலுக்குள் மயிரிழை போன்ற கம்பி எங்கோ அற்றிருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறியதும் விலகும், ஆறியதும் மீண்டும் சேரும். பத்து நிமிடத்தில் வண்டி தானே கிளம்பும் மர்மத்துக்கு இது ஒரு விடை. கண்டென்சரும் சூட்டில் மட்டும் செயலிழப்பதுண்டு. ஆனால் எச்சரிக்கை! குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழி அடைபட்டாலும் வண்டி இதே போல நின்று, இதே போலக் கிளம்பும். நின்ற அந்தக் கணத்திலேயே தீப்பொறி வருகிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது அதிர்வு. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது டிஸ்டிரிபியூட்டருக்குள் சி.பி. பாயிண்ட் வினாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அதை இணைக்கும் சிறு வளைகம்பி ஓயாமல் அசைந்து, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே மட்டும் அறுந்துபோகும். கண்ணால் பார்த்தால் நல்ல கம்பி. மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பர்போல் நீளும்.

மூன்றாவது ஈரம். டிஸ்டிரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால், மழைநாளில் உயர்மின்னழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். வெயில் வந்ததும் பழுதும் மறையும்.

தேடும் முறை

1923-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியியலாளர் டொனால்டு மெக்காடியின் எண்ணத்தில் உதித்த ‘ஏவோமீட்டர்’ சந்தைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே கருவியில் அளக்கலாம் என்பது பெரிய வசதி. எனினும் கருவியைவிட அதைக் கையாளும் முறையே முக்கியம்.

ஏழு இழை கொண்ட கம்பியில் ஆறு அறுந்து ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது என்று கொள்ளுங்கள். கம்பியைக் கழற்றி ஓம் அளந்தால் ஏறக்குறைய சுழியம் காட்டும். ‘நல்ல கம்பி’ என்று ஏமாந்துவிடுவீர்கள். டிஜிட்டல் மீட்டரும் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், கெட்டுப்போன இணைப்பின் வழியாகவும் 12 வோல்ட் முழுமையாகக் காட்டக்கூடும். ஆகவே விளக்கை எரியவிட்டு, சுமை உள்ளபோதே இணைப்பின் இரு பக்கங்களுக்கிடையே வோல்ட் அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் மீட்டர் ஏறத்தாழ சுழியத்தில் நிற்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

அளந்துகொண்டே கம்பியை அசையுங்கள். முள் துள்ளுகிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் கார்களில் கம்பியின் நிறமும் வழிகாட்டும்: பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவியைத் திருப்பியபின் உயிர் பெறுவது, பச்சை, அதிலிருந்து பியூஸ் வழியாகச் செல்வது, கறுப்பு, எர்த். வெள்ளைக் கம்பிகளின் வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால், குறை அவற்றுக்குப் பொதுவான சாவிச் சுவிட்சின் பக்கம் இருக்கலாம். எது எது நின்றது, எது நிற்கவில்லை என்ற குறிப்பே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். பழுது வந்த நேரம், வானிலை, வேகம் ஆகியவற்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று பொருள்களை ஒருசேர மாற்றினால், குணப்படுத்தியது எது என்பது தெரியாமலே போகும்.

1996-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள், தம் குறைகளைத் தாமே குறித்துவைக்கும் பொதுவான கணிப்பு அமைப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்றாயிற்று. பழைய காருக்கு அந்த நினைவாற்றல் இல்லை. அதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்களே. அந்தப் பழக்கம் புதிய காருக்கும் உதவும். கணிப்பொறி சொல்வது குறை தென்பட்ட சுற்றை மட்டும்தான். அந்தச் சுற்றில் எந்தத் திருகாணி துருப்பிடித்திருக்கிறது என்பதை இன்றும் மனிதர்தான் குனிந்து தேட வேண்டியிருக்கிறது.