கண்டிக் கத்தியும் அதன் கொல்லரும்

கண்டி மாநகரில் தலதா மாளிகையின் அயலிலே, மன்னர் காலத்தில் அரசிகள் வாசம் செய்த கட்டடம் இப்போது நூதனசாலையாக விளங்குகிறது. அங்கே வருகிறவர்கள் வாள்களையும் துப்பாக்கிகளையும் ஆபரணங்களையும் ஆவலோடு பார்த்துவிட்டு, பக்கத்திலேயே அடக்கமாகக் கிடக்கும் சிறு கத்திகளைக் கவனியாமல் அப்பால் சென்றுவிடுவது வழக்கம். சிங்களத்தில் 'பிஹா கெத்த' என்று வழங்கும் இக்கத்தியின் அலகு ஏறக்குறைய ஒரு சாண் நீளமிருக்கும். ஒரு புறம் மாத்திரமே கூர். முதுகு நன்றாகத் தடித்தது. பிடியை அடுத்த பாகத்தில் வெள்ளியோ பித்தளையோ பதித்து, அதன்மேல் கொடிவேலையை நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். பிடி கொம்பினாலோ யானைத் தந்தத்தினாலோ ஆனது. அதன் அடி உள்ளங்கைக்கு இசைவாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். உறை மரத்தாலானது, பிரபுக்களுக்குரியதாயின் அதன்மேல் வெள்ளித் தகடு போர்த்தியிருக்கும். சில உறைகளில் கத்திக்குப் பக்கத்தில் இன்னொரு ஒடுங்கிய துளையும் உண்டு. அதில் இருப்பது ஓலையில் எழுதுவதற்கான எழுத்தாணி. ராஜாங்க உத்தியோகஸ்தன் ஒருவனுக்குப் பகற்பொழுதில் வேண்டிய இரண்டு ஆயுதங்களையும் ஒரே உறையில் அடக்கிக் கொடுத்த அந்தக் கைவினைஞனின் புத்தி மெச்சத்தக்கது.

இத்தகைய கத்தியை மனிதர் எவ்வாறு தரித்தனர் என்பதற்கு நேரிற் கண்டவரின் சாட்சியம் இருக்கிறது. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிலே அகப்பட்டு, இரண்டாம் இராஜசிங்க மன்னனின் கைதியாகக் கண்டி நாட்டுக் கிராமங்களிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் காலங்கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் தாம் வெளியிட்ட நூலில் கண்டிப் பிரபுக்களின் உடையை வர்ணிக்குமிடத்து, வெள்ளி பதித்த பிடியையுடைய கத்தி ஒன்றை அவர்கள் மார்பிலே செருகியிருப்பார்கள் என்றும், குறுவாள் பக்கத்தில் தொங்கும் என்றும், வெற்றிலை பாக்குப் பையைத் தாங்கிய பையன் ஒருவன் பின்னே வருவான் என்றும் குறித்திருக்கிறார். குறுவாள் பதவியின் சின்னம். கத்தியோ கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கவேண்டிய பொருள். உலகத்தில் வேறு பல ஜாதியாரும் கத்தியை இப்படி உடம்போடு ஒட்டி வைத்திருந்தனர். குடகு நாட்டார் இன்றும் மங்கள காலங்களில் சிவப்புப் பட்டுக் கச்சையின் முன்புறத்திலே வெள்ளி வேலைப்பாடமைந்த பீச்சைக் கத்தியைச் செருகிக்கொள்கிறார்கள்.

அரண்மனைக்கு வேண்டிய கத்திகளைச் செய்தவர்கள் 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளைச் சேர்ந்த கம்மியர். பொன்வாள், ஆபரணம், சிம்மாசனம், கிரீடம் என்று அப்பட்டறைகள் வகுக்கப்பட்டிருந்தன. 1739 முதல் 1815 வரையில் கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் காலத்திலும் இந்த ஏற்பாடு நிலைபெற்றிருந்தது. இதைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். ஆகையால் நான் விரிக்கவில்லை. என் மனத்தை ஈர்ப்பது வேறு விஷயம். மார்பிலே வெள்ளிக் கத்தி செருகாத சாமானியக் குடியானவன், கொடி அறுக்கவும் பாக்குச் சீவவும் மூங்கில் பிளக்கவும் இடுப்பிலே வைத்திருந்த அந்த வெறுங்கத்தியை எங்கே, எவ்வாறு பெற்றான்?

இதற்கும் நொக்ஸே விடை தருகிறார். அரசனுக்கு ஊழியம் செய்யும் கொல்லர் ஒவ்வொருவருக்கும் இன்ன இன்ன ஊர்கள் என்று பிரித்து விடப்பட்டிருந்தன. அந்த ஊரார் தங்கள் கொல்லனை விட்டு இன்னொருவனிடம் போகக் கூடாது. அப்படிப் போனவனுக்கு வேலை செய்து கொடுத்த கொல்லன், உரிய கொல்லனுக்கு நஷ்டம் கட்டவேண்டும். பழுது பார்ப்பதற்கென்று ஒவ்வொரு குடியும் அறுவடைக் காலத்தில் வழக்கப்படி இவ்வளவு நெல் என்று அளந்துவிட வேண்டும். புதிய ஆயுதம் வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். அரிசியும் கோழியும், சில வேளை ஒரு போத்தல் சாராயமும் காணிக்கையாக எடுத்துக்கொண்டு போய்ப் பணிவோடு நின்று, எப்போது வரலாம் என்று கேட்கவேண்டும். குறித்த நாளில் இரும்பையும் கரியையும் வேண்டியவனே சுமந்து வருவான். கொல்லன் பட்டடையின் முன்னே முக்காலியில் கம்பீரமாக வீற்றிருப்பான். துருத்தி ஊதுவது வந்தவன் வேலை. சம்மட்டி ஓங்கி அடிப்பதும் அவன் வேலையே. கொல்லன் காய்ந்த இரும்பைக் குறட்டினால் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் இடையிடையே தட்டி உருவம் கொடுப்பான். அராவ வேண்டியதாயிருந்தால், அதையும் முதலில் கல்லிலே தேய்த்து வரும்படி வந்தவனையே அனுப்பிவிட்டு, கடைசியில் தான் அரத்தை எடுத்து முடிப்பான். நாதியற்ற கைதியாக இருந்த நொக்ஸுக்கு இந்தக் கொல்லனுடைய மிடுக்கு எரிச்சலூட்டியிருக்கிறது என்பது அவருடைய வாக்கியங்களின் தொனியிலேயே தெரிகிறது. சம்மட்டி பிடித்த கையின் ஞாபகம் அவருக்கும் இருந்திருக்கலாம்!

ஏகபோகம் உள்ள இடத்தில் சரக்கின் தரம் கெடும் என்று பொருளாதார சாஸ்திரிகள் சொல்வார்கள். பொதுவாக அது மெய்தான். ஆனால் கண்டிக் கொல்லனின் வருமானம் எந்த வழியில் வந்தது என்பதை யோசித்துப் பார்த்தால், இங்கே அந்த நியாயம் அப்படியே செல்லாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பழுது பார்ப்பதற்கு வருஷாவருஷம் அளவு குறித்த நெல்லை வாங்கிக்கொள்ளும் ஒருவனுக்கு, தான் செய்த கத்தி அடிக்கடி வாய் மழுங்கியும் பிடி கழன்றும் திரும்பி வருவது வீண் வேலையே ஒழிய லாபமன்று. கத்தி எத்தனைக்கெத்தனை நீடித்து உழைக்கிறதோ, அத்தனைக்கத்தனை அவனுக்கு முக்காலியில் ஓய்வு. வாங்குகிறவனுக்கும் இது மலிவான ஏற்பாடே. ரொக்கமாகப் பணம் தேடவேண்டியதில்லை, விளைச்சலிலே ஒரு பங்கு போகிறது, இரும்பு தன்னுடையது, கூலியில் பாதியைத் தன் தோள்பலத்தினாலேயே கொடுத்துவிடுகிறான். தேர்ந்தெடுக்கும் உரிமைதான் அவனுக்கு இல்லை. தன் கத்தி எந்த உலையிலே காய்ந்தது, எந்த நீரிலே தோய்ந்தது என்பதைக் கண்ணாலே கண்டவன் அவன். ஆகவே அந்த உரிமை இல்லாத குறையை அவன் உணர்ந்திருப்பானா என்பது சந்தேகம்.

தேர்ந்தெடுத்தவர் ஒரு கூட்டத்தார் உண்டு. வேடர்கள் இராக்காலத்திலே கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் ஓர் இலையைக் கத்தரித்துப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நொக்ஸ் எழுதுகிறார். மாதிரிப்படி செய்து வைத்த கொல்லனுக்கு மேலும் இறைச்சி வரும். செய்யாதவனை ஏதேனும் ஓர் இரவில் அம்பு தேடி வரும். வாயால் ஒரு வார்த்தையும் பேசாமல் அளவும் விலையும் தவணையும் இவ்வளவு தெளிவாகச் சொன்ன வாடிக்கைக்காரர் வேறு எந்த நாட்டிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரும்பு உள்நாட்டிலேயே உருகியது. கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த சப்பிரகமுவையில், பலாங்கொடைக்கு அப்பாலுள்ள சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், துருத்தியின் உதவியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தினாலேயே எரிந்த பழைய உலைகளை ஜில் ஜூலெஃப் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்து 1996இல் வெளியிட்டது உலகப் பிரசித்தம். எஃகு செய்யும் முறை வேறு. இரும்புத் துண்டோடு ஆவாரை மரச் சிம்புகளையும் மண்குகையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, உலையில் வைத்துப் பல நாழிகை ஊதுவார்கள். கட்டையின் கரிச்சத்து இரும்பில் ஏறி எஃகாகும். சேலத்துக் கொல்லரும் இம்முறையையே கையாண்டனர். 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்த வைத்தியர் ஜோன் டேவி கண்டி நாட்டார் இரும்பு உருக்கும் தொழிலைப் பற்றி எழுதியிருக்கிறார். எஃகு அருமையானது, ஆகையால் பழைய காலத்துக் கொல்லர் அநேகமாக எங்கும் செய்ததுபோல, உடலை மெல்லிரும்பினால் அடித்து வாய்க்கு மாத்திரம் எஃகுப் பட்டையை இணைப்பது வழக்கம். விழுந்தால் ஒடியாமைக்கு இரும்பும், கூர் நிற்பதற்கு எஃகும் என்று அந்தக் கூட்டு ஒன்றுக்கொன்று துணை செய்தது.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டதும், வெள்ளிக் கத்திக்கு ஆதாரமாயிருந்த அரண்மனை அழிந்தது. வெறுங்கத்தியின் ஏற்பாடு உடனே குலையவில்லை. கோல்புறூக் விசாரணைக்குப் பின் 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டபோதுதான், கொல்லனுக்கு ஊரும் ஊருக்குக் கொல்லனும் என்றிருந்த பந்தம் சட்டப்படி அறுந்தது. சிறையிருந்த மன்னன் வேலூரில் இறந்ததும் அதே 1832இல்தான். விகாரைக்கும் தேவாலயங்களுக்கும் உரிய கிராமங்களில் ஊழியம் மேலும் நீடித்தது. அங்கே ஆசாரிகள் பாக்குவெட்டியும் கத்தியும் காணிக்கையாகச் செய்து கொடுத்துவந்தனர். 1870ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஊழியத்தையும் பணமாகக் கட்டித் தீர்க்கலாம் என்றது.

இதற்கிடையே கடுகண்ணாவைக் கணவாய் வழியே பாதை வந்தது. 1867இல் இரயில் கண்டியை எட்டியது. ஷெபீல்ட் நகரத்துச் சவரக்கத்தியும் மடக்குக்கத்தியும் பெட்டி பெட்டியாக மலையேறின. ஜோசப் றொட்ஜேர்ஸ் கம்பெனியின் நட்சத்திர, சிலுவை முத்திரையைப் பார்த்து வாங்குகிறவனுக்குக் கொல்லனுடைய முகம் தெரியவேண்டியதில்லை. முத்திரை தெரிந்தால் போதும். முதலில் கோப்பியும், இரயில் வந்த அதே 1867இல் லூல்கந்துரையிற் பயிராகத் தொடங்கிப் பின்னர் அதன் இடத்தைப் பிடித்த தேயிலையும் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளரை இம்மலைகளுக்குக் கொண்டுவந்தன. அவர்களுக்குக் கவ்வாத்துக் கத்தி அன்றாடத் துணையாயிற்று. கவ்வாத்திலே வெட்டு ஒரே வீச்சில் சாய்வாக விழவேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை சிதையும், சிதைந்த காயத்தின் வழியே நோய் புகும். ஆகையால் மலையிலே வேலை செய்கிறவன் தீட்டுகல்லைப் பிரிய மாட்டான்.

ஆகவே, உறுதியும் வேண்டும், விலையும் கட்டுபடியாக வேண்டும், எந்தக் கத்தியை வாங்கலாம் என்ற கேள்வி, கண்டிச் சீமையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். கடைத்தெருவில் கத்தி வாங்குகிறவன் தானே பரீட்சகன் ஆகவேண்டியதாயிற்று. அலகை விரலால் சுண்டி, ஓசை கணீரென்று எழுகிறதா, விரிசல் விட்ட சட்டிபோல் பொத்தென்று அடங்குகிறதா என்று காது கொடுப்பான். நகத்தின்மேல் வாயை மெதுவாக வைத்து, வழுக்குகிறதா பற்றுகிறதா என்று பார்ப்பான். முதுகை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்கிக் கோணல் உண்டா என்று அறிவான். பிடியின் ஆணி தலை மடிந்திருக்கிறதா, வெறுமனே அரக்கு வைத்து ஒட்டியதா என்று திருப்பிப் பார்ப்பான். பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவர்களும் இல்லாமலில்லை.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தை நடத்திய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்திலே பழைய முறைப்படி இரும்பு உருக்கவும் எஃகு செய்யவும் தெரிந்திருந்த கடைசி மனிதரைத் தேடிக் கண்டு, அவர்களுடைய தொழிலைச் செய்து காட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். மத்திய காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் கத்திகளும் இடம்பெற்றன. கொழும்பிலே பிறந்த தமிழர் ஒருவர் கண்டிக் கம்மியருக்குச் செய்த இந்த உபகாரத்தை நம்மவர் இன்னும் அதிகமாகப் பாராட்டலாம்.

எனினும் அந்நூலிலும் சரி, கண்டியிலும் இலண்டனிலும் உள்ள நூதனசாலைகளிலும் சரி, நாம் பெரும்பாலும் காண்பது பிரபுக்களின் கத்தியே. குடியானவனின் கத்திக்கு அந்தப் பாக்கியம் கிடைக்க வழியில்லை. தீட்டித் தீட்டி அலகு விரலளவாக ஒடுங்கியபின், காட்டு வேலைக்கு உதவாதென்று அது வெற்றிலைத் தட்டுக்கு வரும். அங்கே பாக்குச் சீவிச் சீவி இன்னும் குறுகியபின், இரும்பு வீணாகக் கூடாதென்று உலைக்குத் திரும்பி, வேறு துண்டுகளோடு சேர்ந்து மற்றொரு கத்தியின் முதுகாகிவிடும்.