ராப்பா நூயி மண்ணுக்கு உள்ள பங்கு

மூப்பைத் தள்ளிப்போடும் மருந்து என்று ஆய்வுக்கூடங்களில் இன்று அதிகம் பேசப்படுவது ராப்பமைசின். பெயரிலேயே ஊர் இருக்கிறது: சிலி நாட்டுக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கடலில் கிடக்கும் ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவு. 1888இல் தீவைச் சேர்த்துக்கொண்ட சிலி, பின்னர் நிலத்தைச் செம்மறிப் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டது. மண்ணின் மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் ஒடுக்கப்பட்டார்கள். 1966இல்தான் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்குச் சற்று முன்பு, 1964 டிசம்பரில், விமானம் வந்து தீவின் தனிமை கலைவதற்குள் அங்குள்ளவர்களை ஆராய்ந்துவிட வேண்டும் என்று, ஸ்டான்லி ஸ்கொரினா தலைமையில் கனடாவிலிருந்து மருத்துவக் குழு ஒன்று கப்பலில் வந்தது. மக்கள் ரத்தம் கொடுத்தார்கள், எக்ஸ்ரேக்கு நின்றார்கள். தீவில் குதிரைகள் ஏராளம். ஜனங்கள் நடந்ததோ வெறுங்காலில். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் கால் கிழிந்தால் ரணஜன்னி வரும் என்று எந்த வைத்தியரும் அஞ்சுவார்; இங்கே அது தலைகாட்டவில்லை. ஏன் என்று பார்க்கத்தான் குழுவின் நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் நோக்ராடி தீவை 67 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண் எடுத்தார்.

அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மாண்ட்ரியல் நகரில் சுரேன் சேகல் குழுவினர் பிரித்தெடுத்ததே ராப்பமைசின். 1980களின் தொடக்கத்தில் அவர்களது ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, சேகல் பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு ராப்பமைசின் மருந்தானது. உணவு தாராளமாக இருக்கையில் செல்லை வளரச் சொல்லி முடுக்கும் ஒரு புரதத்தை இது அடக்குகிறது. செல் வளர்ச்சியை விட்டு, உள்ளே தேங்கிய பழுதுகளைக் கழிக்கத் திரும்புகிறது. 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் பெண் எலிகளில் 14, ஆண் எலிகளில் 9 சதவீதம் நீண்டதாக 2009இல் தெரியவந்தது. மனிதரில் இது இன்னும் நிரூபணமாகவில்லை.

அந்த பாக்டீரியா இனம் வேறு நாட்டு மண்ணிலும் உண்டு, தீவு மக்கள் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், சேகலின் பிடிவாதத்துக்கு உரிய மதிப்பை நானும் குறைக்கவில்லை. ஆனால் நோக்ராடியைக் குனிந்து மண்ணெடுக்க வைத்த கேள்வி அந்த வெறுங்கால்களிலிருந்து பிறந்தது. வளத்தைக் கொடுத்தவருக்குப் பயனில் பங்கு வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 1992இல்தான் வந்தது, அதனால் சட்டப்படி கடன் இல்லை என்பார்கள். சட்டம் பிந்தி வந்தது. அதற்காக, வாங்கியது வாங்கியதில்லை என்றாகிவிடுமா? ஃப்ரீசர் கதையைச் சொல்லாதவர் இல்லை. ரத்தம் கொடுத்தவர்களின் கதையைச் சொல்பவர் அரிது. மண்ணெடுத்ததன் நினைவாகத் தீவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 2000இல் பிரேசில் ஆய்வாளர்கள் வைத்தது; எழுதியிருப்பது போர்ச்சுகீசிய மொழியில்.