கடைத்தெருவும் ஊரும்: ஆ. மாதவனின் சாலையும் நீல. பத்மநாபனின் இரணியலும்

நகரம் மனிதரை விடுவிக்கும், கிராமம் கட்டிப்போடும் என்று சொல்வது வழக்கம். பணம் புழங்கும் இடத்தில் சாதிக்கட்டு தானே தளரும் என்பது அதற்குத் தரப்படும் காரணம். திருவனந்தபுரத்தில் இருந்து எழுதிய ஆ. மாதவனையும் நீல. பத்மநாபனையும் சேர்த்துப் படிக்கும்போது இக்காரணம் போதவில்லை. ஒரு சமூகத்தைத் திறந்துவிடுவது வணிகம் அன்று. அன்றாடம் அந்நியரோடு பழக வேண்டியிருக்கும் நிலையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சாலை, இரணியல் ஆகிய இரண்டு இடங்களும் ஒரே திருவிதாங்கூர் வரலாற்றின் பிள்ளைகள். திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்றது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாட்டின் விளைச்சல் அங்கே வந்து சேர்ந்தது; தமிழ் வணிகர்களும் வந்து சேர்ந்தனர். இரணியலோ வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனை நிற்கும் ஊர். 1956 நவம்பர் 1 அன்று இரணியல் அடங்கிய கல்குளம் உள்ளிட்ட நான்கு தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இரணியல் எல்லைக்கு இந்தப் பக்கமும் சாலை அந்தப் பக்கமும் ஆயின.

1968இல் வெளிவந்த நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவல் இரணியல் செட்டியார்களின் கதை. அவர்கள் குலத்தால் வணிகர். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்ததாகச் சொல்லும் குலக்கதை உடையவர்கள். ஆனாலும் கொள்வினை கொடுப்பினை எல்லாம் தம்மவர்க்குள்ளேயே. அக்குலத்தைச் சேர்ந்த நாகம்மையை, அவள் பெண்ணே அல்ல என்று கணவன் பழி சுமத்திப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அந்தப் பழிக்கு ஊர் சான்று கேட்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் வதந்தியே தீர்ப்பாகிவிடுகிறது. நாகம்மையின் தம்பி திரவி அதை எதிர்த்து நிற்பது ஒரு மனிதனோடு மட்டுமல்ல, உண்ணாமலை ஆச்சியின் கதைகள் வழியே தன்னையும் வளர்த்த அதே மரபோடும்தான். வணிகக் குலத்தில் பிறந்தும் இவ்வூர் இறுகிக் கிடக்கிறது. இங்கே உறவுக்கு வெளியே வாழ்வு இல்லை.

சாலையிலேயே பல்லாண்டு பாத்திரக்கடை நடத்திய மாதவனின் உலகம் இதற்கு நேர்மாறு. சுமைதூக்குவோர், சில்லறை வியாபாரிகள், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள், அடிதடிக்காரர்கள் என்று அவர் காட்டும் மனிதருக்குக் குலவரலாறு கிடையாது. ‘எட்டாவது நாள்’ குறுநாவலின் சாளைப் பட்டாணி என்பவனை எடைபோட அவன் தாத்தா யார் என்று தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவன் செய்தவற்றாலேயே அவன் அறியப்படுகிறான். ஆனால் இந்த விடுதலைக்கு ஒரு விலை உண்டு. விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கை இல்லை.

நகரமும் கொடியதுதானே என்று கேட்கலாம். மாதவனின் ‘புனலும் மணலும்’ நாவலில், ஆற்றில் மணல் அள்ளும் அங்குசாமி, மனைவியின் மகள் பங்கியை அழகில்லாதவள் என்பதற்காகவே வெறுக்கிறான். கேள்வி நியாயமானது. ஆனால் இது ஒரு தனிமனிதனின் நெஞ்சில் ஊறும் வெறுப்பு. நாகம்மைக்கு நேர்ந்தது ஊர் கூடி வழங்கிய தண்டனை. முன்னதற்கு அங்குசாமியைக் குற்றஞ்சாட்ட முடியும். பின்னதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது? அந்த விடையின்மையே ‘தலைமுறைகள்’ தரும் பெருந்துயரம்.

ஆகவே நகரம், கிராமம் என்ற பிரிவைவிட, அந்நியர் நடுவே வாழ்வு, உறவினர் நடுவே வாழ்வு என்ற பிரிவே இப்படைப்புகளைக் கூர்மையாக விளக்குகிறது. முன்னது தனிமையைத் தந்து தீர்ப்பிலிருந்து காக்கிறது. பின்னது துணையைத் தந்து தீர்ப்புக்கு ஆளாக்குகிறது. மலையாளம் கலந்த தமிழில் இரண்டையும் எழுதிக் காட்டியவர்கள் ஒரே நகரத்தின் சமகாலத்தவர்கள். மாதவனைக் கேரளத் தமிழ் என்றும் ‘தலைமுறைகளை’க் குமரி மாவட்ட இலக்கியம் என்றும் தனித்தனியே அடைத்துப் படிப்பது 1956இன் எல்லைக்கோட்டை இலக்கியத்திலும் இழுப்பதாகும். கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் குமரி மாவட்டக் கல்லூரிகளும் இவ்விருவரையும் ஒரே பாடமாக வைத்துக் கற்பிக்க முன்வர வேண்டும்.