மடனும் இயந்திரமும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது அவர் கண்ட முடிபு. பேதைமையாவது அறியாமை. மடனாவது, பிறர் கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரையாசிரியர் விளக்குவர். இயந்திரம் பிழைபட்டு நகை விளைக்கும் திரைக்கதைகளின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இவ்விலக்கணமே திறவுகோலாக அமைகிறது. கற்பித்ததை விடாது பற்றி நிற்பதில் இயந்திரத்தை விஞ்சுவது வேறொன்றில்லை அன்றோ?

இந்நகை திரைப்படத்தோடு உடன்பிறந்தது. 1895 திசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்களுள் ஒன்று, தோட்டக்காரரின் கதை. செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார் அவர். சிறுவன் ஒருவன் குழாயை மிதிக்க, நீர் நிற்கிறது. காரணம் அறியாது அவர் குழாய்வாயை உற்று நோக்க, சிறுவன் காலை எடுக்கிறான். நீர் முகத்தில் பாய்கிறது. குழாய் தன் கடமையைச் செய்தது, பிழைத்தவர் மனிதரே.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கருவுக்கு ஆழம் தந்தவர் சார்லி சாப்ளின். 1931இல் இலண்டன் மாநகரில் அவர் காந்தியடிகளைச் சந்தித்து, இயந்திரங்களை எதிர்ப்பதன் காரணம் யாதென வினவினார். இயந்திரங்கள் இந்தியாவை இங்கிலாந்தை அண்டி வாழச் செய்தன என்பது அடிகள் அளித்த விடையின் சாரம். 1936இல் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' வெளிவந்தது. தொழிலாளியின் உணவு இடைவேளையைக் குறைக்கும் பொருட்டு ஊட்டும் இயந்திரம் ஒன்று அதில் வருகிறது. அது நிலைதடுமாறிச் சோளக்கதிரை முகத்தில் சுழற்றுகிறது. ஆயினும் இடையிடையே வாயைத் துடைக்கும் பணியை மறப்பதில்லை. மடனுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. அவ்வியந்திரத்தை வருவித்ததோ முதலாளியின் பேராசை.

தமிழ்த் திரையில் இக்கரு மொழியோடு கைகோத்தது. 2010இல் சங்கர் இயக்கிய 'எந்திரன்' படத்தில், தொலைக்காட்சியைப் 'போடு' என்றதும் இயந்திர மனிதன் அதைக் கீழே போட்டு உடைக்கிறான். ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழின் இயல்பு. பொருளை இடத்தால் உணர்வது மனிதர் அறிவு. இயந்திரமோ சொல்லை மட்டும் பற்றுகிறது. 2015இல் இரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' மற்றொரு வழியில் சென்றது. கால இயந்திரம் கிட்டிய இளைஞர் இருவர், தொலைந்த பொருள்களைக் கண்டறிந்து கொடுத்துப் பணம் ஈட்டுகின்றனர். அவர்தம் பயணத்தால் மாளவேண்டிய கொடியவன் ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். இங்கும் இயந்திரம் ஏவிய இடத்துக்கே சென்றது. விளைவை எண்ணாதவர் ஏவியவரே.

ஆகவே, இத்தகைய கதையை ஆக்க முயலும் மாணவர், கெட்டுப்போன இயந்திரத்தைத் தேடவேண்டுவதில்லை. சொன்னதைச் சொன்னவாறே செய்யும் இயந்திரமும், எண்ணாது ஏவும் மனிதரும் போதும். அதற்குரிய சொல் பேராக் மாநிலத் தோட்டங்களிலேயே உண்டு. லூமுட், சித்தியவான் சூழ்ந்த வட்டாரத்தில் பெரட்டுக்கு நின்று, விடியற்குளிரில் நிரைக்குச் சென்ற தமிழர்க்கு 'மரம் வெட்டுதல்' என்றால் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுத்தல் என்று பொருள். இயந்திரம் ஒன்றைத் தோட்டத்திற்கு வருவித்து, "மரம் வெட்டு" என மேலாளர் ஏவுவதாகக் கொள்வோம். மாலையில் பால் நிறுக்க வருவோர் காண்பது வெறுந்தரை! அவையோர் சிரிப்பர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அச்சிரிப்பு நெடிது நில்லாது. மரங்கள் மெய்யாகவே வீழ்ந்தன. மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அந்நிலைக்கு மாற்றாகவே, பேராக்கின் மைந்தர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர், செயற்கை ரப்பரின் போட்டியால் விலை தாழ, ரப்பர் நின்ற நிலங்களில் எண்ணெய்ப்பனை நின்றது. அதற்கு வேண்டிய ஆட்களோ சிலர். இவற்றுள் எந்த ஆணையையும் இயந்திரம் பிழைபடக் கேட்கவில்லை. ஏவியவர் பொருளுணர்ந்தே ஏவினர்.

இயந்திரத்தின் மடன் நகைக்குரியது; திருத்தவும் கூடியது. மனிதரைக் கணக்கில் கொள்ளாத ஏவலோ அத்தகையதன்று. இவ்வேறுபாட்டை அவையோர் உணருமாறு செய்வதே நல்ல நகைச்சுவையின் கடன்.