பெட்டி கூடினால் இணையம் நிற்குமா? ஹவாய் தீவிலிருந்து மெஷ் வைஃபை வரை



"மூணு பெட்டி மெஷ் வாங்கி வச்சோம்டா. எல்லா ரூம்லயும் சிக்னல் ஃபுல். ஆனா நெட் மட்டும் அடிக்கடி கட்டாகுது." எங்கள் வகுப்பிலேயே நாலு பேர் இப்படிப் புலம்பிவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு வேலைக்கான வீடியோ நேர்முகம் பாதியில் உறைந்து நின்றது. பெட்டி ஒன்றாக இருந்தபோது வராத தொல்லை மூன்றான பிறகு ஏன் வருகிறது? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதீர்கள். தேடிப் போனால் கதை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஹவாயில் போய் நிற்கிறது.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. பெரிய கணிப்பொறி ஒவாஹு தீவில் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக அதை எட்டுவதற்குச் செலவும் அதிகம், தரமும் மோசம். பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனின் குழு 1968-ல் வானொலி அலையைக் கையில் எடுத்தது. 1971 ஜூனில் முதல் தகவல் பொட்டலம் காற்றில் போனது. வேகம் நொடிக்கு 9,600 பிட். பெயர் அலோஹாநெட்.

இதில் புதுமை என்னவென்றால், எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசைதான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அனுப்ப வேண்டியதை அனுப்பு. "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால் வேறு யாரோ அனுப்பியதோடு மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் (எவ்வளவு என்பது குருட்டாம்போக்கில்) காத்திருந்து மறுபடி அனுப்பு. அவ்வளவுதான்!

ஆனால் ஆப்ராம்சனே இதற்குக் கணக்கும் போட்டுக் காட்டினார். இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் மோதல், மோதலால் மறு அனுப்பல், மறு அனுப்பலால் இன்னும் மோதல். ஆள் சேரச் சேர மொத்தமாகப் போய்ச் சேருவது குறைந்துகொண்டே வரும். கேரட் ஹார்டின் பொது மேய்ச்சல் நிலம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதும் அதே 1968-ல்தான். எங்கள் பொருளாதார வகுப்பில் மாடுகளை வைத்து நடத்திய பாடம், இங்கே பொட்டலங்களை வைத்து நடக்கிறது.

பிறகு ராபர்ட் மெட்காஃப் 1973-ல் செராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட்டை உருவாக்கியபோது இதே கருத்தைக் கம்பிக்குள் கொண்டுவந்து, ஒரு ஒழுங்கையும் சேர்த்தார். பேசும் முன் கேள், பேசும்போதும் கேள், மோதினால் உடனே நிறுத்து. கம்பியில் இது அருமையாக வேலை செய்தது. காற்றில்தான் சிக்கல். தன் குரலே காதை அடைப்பதால் ரேடியோவால் பேசிக்கொண்டே கேட்க முடியாது. இன்னொன்று, இரண்டு கருவிகள் ஒன்றையொன்று கேட்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு நடுவில் இருக்கும் மூன்றாவதிடம் ஒரே நேரத்தில் பேசினால்? இந்த "மறைந்த முனையம்" தகராறை டொபாகியும் கிளைன்ராக்கும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் வீட்டு மாடியறைப் பெட்டிக்கும் சமையலறை போனுக்கும் நடப்பது இதுவாகவே இருக்கலாம்.

1985-ல் அமெரிக்காவும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2005-ல் இந்தியாவும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி தந்தன. நடுவில் 1997-ல் முதல் வைஃபை தரநிலை வந்தது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. நமக்கு முக்கியம் அடுத்தது.

2000-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. மாணவர்கள் (நம்ம குரோம்பேட்டை இல்லீங்க, மாசசூசெட்ஸ்!) கேம்பிரிட்ஜ் நகர மொட்டை மாடிகளில் ஆன்டெனா வைத்து ரூஃப்நெட் என்ற மெஷ் வலையை நடத்தினார்கள். ஒரு வீட்டுப் பெட்டி வாங்கி அடுத்த வீட்டுக்குக் கடத்தும். 37 பெட்டிகள், சராசரியாக மூன்று தாவல்கள், சராசரி வேகம் நொடிக்கு 627 கிலோபிட் என்று 2005-ல் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்திய அட்டைகளின் மேல் எழுதியிருந்த வேகம் 11 மெகாபிட்! ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும் என்றால் ஒவ்வொரு பொட்டலமும் அதே காற்றை இரண்டு முறை, மூன்று முறை தின்கிறது.

அதே குழு 2003-ல் கண்டு சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. குறைந்த தாவல் உள்ள பாதை எப்போதும் நல்ல பாதையாக இருப்பதில்லை. தூரமான, நொண்டியடிக்கும் ஒரு இணைப்பைவிடப் பக்கத்துப் பக்கத்து இரண்டு உறுதியான இணைப்புகள் மேல். நாம் செய்வதோ நேர் எதிர். சிக்னல் சுத்தமாக வராத அறை எதுவோ, அங்கேயே இரண்டாவது பெட்டியை வைக்கிறோம். போனுக்குப் பெட்டி பக்கத்தில் இருப்பதால் கோடுகள் முழுசாகக் காட்டும். அந்தப் பெட்டிக்கும் முதல் பெட்டிக்கும் நடுவிலான இணைப்பு தள்ளாடுவது நம் கண்ணுக்குத் தெரியாது. பாதி வழியில் வைக்க வேண்டும். முடிந்தால் இரண்டுக்கும் நடுவில் ஈதர்நெட் கேபிள் இழுத்துவிட வேண்டும். மெட்காஃபின் கம்பிக்கே திரும்பிப் போவதுதான், வேறென்ன :-)

இணைய நிறுவனம் தந்த பழைய பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விடுவது அடுத்த கோளாறு. அதுவும் அதே காற்றில் பங்கு கேட்கும். இரண்டு பெட்டியும் தானே ரவுட்டர் என்று முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால் குழப்பம் கூடும். ஒன்றை பிரிட்ஜ் முறைக்கு மாற்றிவிடலாம்.

எப்போதாவது சரியாக ஒரு நிமிஷம் போல வைஃபை மறைந்து திரும்புகிறதா? 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2003-ல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில் முடிவானது. ரேடார் போல ஏதாவது கேட்டால் பெட்டி அந்தச் சேனலைவிட்டு விலக வேண்டும். போகிற இடமும் ரேடார் சேனல் என்றால் வழக்கமாக 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம். அமைப்பில் போய் 36 முதல் 48 வரை உள்ள சேனலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு மடிக்கணினியை நிறுவனத்தின் பெட்டியில் கேபிளால் சொருகி ஒரு சாயங்காலம் ஓட விடுங்கள். அப்போதும் கட்டானால் மெஷ்ஷைத் திட்டிப் பயனில்லை, வெளியே இருந்து வரும் லைனைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கொசுறு: அலோஹாநெட்டின் மையக் கருவிக்கு வைத்த பெயர் மெனஹுனே. ஹவாய்க் கதைகளில் ராத்திரியோடு ராத்திரியாக யார் கண்ணிலும் படாமல் வேலையை முடித்துவிட்டுப் போகும் குள்ள மனிதர்கள் அவர்கள்.